அடுத்த வாரப் பாசி அளவைக் கூகுள் ஷீட்ஸில் கணிப்பது எப்படி?

மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே உள்ள ஜொகூர் நீரிணையின் மீன் பண்ணைகளில் 2014, 2015 ஆண்டுகளில் பாசிப் பெருக்கத்தால் மீன்கள் டன் கணக்கில் செத்தன. அந்த நீரில் வெப்பம், மழை, உரச்சத்து, நீரோட்டம், பாசியைத் தின்னும் நுண்ணுயிர் என எல்லாம் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கும். அத்தனைக்கும் சமன்பாடு எழுதிக் கணிப்பது பெரிய வேலை. அதைவிட எளிய வழி, பழைய தரவையே கேட்பது: இதே மாதிரி நிலை முன்பு எப்போது வந்தது, அடுத்த வாரம் என்ன ஆனது? ஜார்ஜ் சுகிஹாரா, ராபர்ட் மே என்ற இரு ஆய்வாளர்கள் 1990இல் நேச்சர் இதழில் எழுதிய சிம்ப்ளெக்ஸ் முறையின் சாரம் இதுதான்.

படி 1: தரவு

வாரம் ஒரு குளோரோபில் அளவு (பாசியின் பச்சை நிறமி, பாசி எவ்வளவு என்பதற்கு அடையாளம்), மூன்று ஆண்டுக்கு 156 வரிசை இருந்தால் நிம்மதி. 40க்குக் கீழே என்றால் முயலவே வேண்டாம். செயற்கைக்கோள் தரவு இலவசம்தான். ஆனால் நம் கரையோர நீரில் சேறும் கரைந்த கரிமப் பொருளும் அதிகம். அவற்றையும் பாசியாகக் கணக்கிட்டுவிடும். நீரில் இறக்கும் சென்சார் அளவையே நம்புங்கள், அதுவும் எப்போதும் ஒரே நேரத்தில் எடுத்ததை. காலை 7 மணி அளவையும் பிற்பகல் 3 மணி அளவையும் ஒரே பட்டியலில் கலந்தால் பிறகு எதுவும் செய்ய முடியாது.

படி 2: மடக்கையும் பின்னோக்கிய நெடுவரிசைகளும்

பாசி பெருகும்போது அளவு பல மடங்காகத் தாவும். எனவே இயல் மடக்கை (ஷீட்ஸில் எல்-என் சார்பு) எடுங்கள். லிட்டருக்கு 8 மைக்ரோகிராம் என்பது 2.08 ஆகும், 40 என்பது 3.69. பிறகு பி நெடுவரிசையில் இந்த வாரம், சியில் போன வாரம், டியில் அதற்கு முந்தைய வாரம். ஈயில் அடுத்த வார மதிப்பு, அதாவது 'விடை'.

படி 3: தூரம்

கணிக்க வேண்டிய வரிசையின் மூன்று எண்களுக்கும் ஒவ்வொரு பழைய வரிசையின் மூன்று எண்களுக்கும் உள்ள தூரம் வேண்டும். வித்தியாசங்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். எஸ்-யூ-எம்-எக்ஸ்-எம்-ஒய்-2 என்ற சார்பு அந்தக் கூட்டலை ஒரே அடியில் முடிக்கும். இலக்கு வரிசையை டாலர் குறியால் பூட்ட மறக்காதீர்கள்.

படி 4: எந்த வரிசைகளில் தேடலாம்?

எல்லாம் கெடுவது இங்கேதான்.

நீங்கள் 120ஆவது வாரத்தில் நின்று 121ஐக் கணிக்கிறீர்கள் என்று வைப்போம். அட்டவணை முழுவதும் தேடினால் மிக நெருங்கிய வரிசையாக 120ஆவது வரிசையே வரும். தூரம் பூஜ்யம், அதன் 'விடை' 121ஆவது வாரத்தின் உண்மை மதிப்பு. எடை போடும்போது (படி 5) ஷீட்ஸ் பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று பிழை காட்டும். அந்தப் பிழையை மறைக்கத் தூரத்தோடு 0.001 கூட்டினால் கணிப்பு அச்சு அசலாகப் பொருந்தும். மகிழ வேண்டாம், அது கணிப்பே அல்ல.

121, 122, 123ஆவது வரிசைகளிலும் விடை ஒளிந்திருக்கிறது. 118, 119 இரண்டும் 120உடன் அளவுகளைப் பகிர்கின்றன. அவை வந்தால் முறை வெறுமனே 'போன வாரம் போலவே' என்று சொல்லத் தொடங்கும். ஆகவே 117 வரை மட்டுமே தேடுங்கள்.

விடுபட்ட வாரத்தை முன்பின் சராசரியால் நிரப்புவதும் இதே தவறுதான், பின்வாரம் எதிர்காலம். காலியாக விட்டு, அதைத் தொடும் வரிசைகள் அனைத்தையும் நீக்குங்கள்.

படி 5: நால்வரின் சராசரி

மூன்று எண் கொண்ட வரிசைக்கு நான்கு அண்டை வரிசைகள். தூரங்கள் 0.2, 0.3, 0.4, 0.6 என்றால், ஒவ்வொன்றையும் மிகச் சிறியதான 0.2ஆல் வகுத்து, எதிர்க்குறி இட்டு, எக்ஸ்ப் சார்பில் கொடுங்கள். எடைகள் 0.368, 0.223, 0.135, 0.050. அவற்றின் விடைகள் 2.9, 2.4, 3.2, 2.1. எடையிட்ட சராசரி 2.76, மடக்கையை அவிழ்த்தால் சுமார் 16 மைக்ரோகிராம். அதை மட்டும் சொல்லாதீர்கள். நான்கு விடைகளும் 8 முதல் 25 வரை விரிந்திருக்கின்றன, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படி 6: சோம்பேறிப் போட்டியாளர்கள்

105ஆவது வாரத்திலிருந்து ஒவ்வொரு வாரமும் கணித்து, சராசரிப் பிழையை இரண்டோடு ஒப்பிடுங்கள்: 'இந்த வார அளவே அடுத்த வாரமும்', 'முந்தைய ஆண்டுகளில் அதே வாரத்தின் சராசரி'. இரண்டையும் வெல்லாவிட்டால் மூட்டை கட்டுங்கள். ஒட்டுறவுக் கெழு (கணிப்பும் உண்மையும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதன் அளவு) 0.7 வந்தது என்று காட்டுபவர்கள் பெரும்பாலும் பருவமழையின் ஏற்ற இறக்கத்தைத்தான் பிடித்திருப்பார்கள்.

கருவி பற்றி: முதல் கணிப்பை ஷீட்ஸில் கையால் செய்யுங்கள், எதிர்கால விடை எங்கே கசிகிறது என்று கண்ணுக்குத் தெரியும். 50 வாரம் சோதிக்க ஆர் மொழியின் ஆர்-ஈ-டி-எம் தொகுப்பு நல்லது. அதில் தவிர்ப்பு ஆரம் (இலக்கு வரிசையை ஒட்டிய எத்தனை வரிசைகளை ஒதுக்குவது என்பது) இயல்பாகப் பூஜ்யம், நீங்களே 2 அல்லது 3 ஆக மாற்ற வேண்டும். நரம்பு வலையமைப்புக்கு 156 வரிசை போதாது.

பிற்சேர்க்கை 1: கணிப்பு வாரத்துக்கு வாரம் ரம்பம் போல் ஏறி இறங்குகிறதா? கடல் ஓதத்தின் ஏற்ற இறக்கம் பெரிதாகி (பேரோதம்), சிறிதாகி (சிற்றோதம்), மீண்டும் பெரிதாகும் சுழற்சி ஏறக்குறைய 14.8 நாள். வாரம் ஒருமுறை அளந்தால் மாறி மாறி இரண்டிலும் போய் விழுவீர்கள். ஓத அட்டவணையிலிருந்து அன்றைய ஏற்ற இறக்க வீச்சை நான்காவது எண்ணாகச் சேருங்கள் (அண்டை வரிசைகள் ஐந்தாகும்). அலகு வேறு என்பதால் அப்போது தரப்படுத்த வேண்டும் (சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் வகுப்பது), சராசரியையும் திட்ட விலக்கத்தையும் முதல் 104 வரிசையிலிருந்து மட்டும் எடுத்து.

பிற்சேர்க்கை 2: இதுவரை காணாத பெரிய பெருக்கத்தை இம்முறை ஒருபோதும் சொல்லாது, சராசரி தன் அண்டை மதிப்புகளைத் தாண்டாது. மிக நெருங்கிய தூரமே வழக்கத்தைவிட மிகப் பெரிதாக இருந்தால் அந்த வாரத்துக்கு எண் எதுவும் எழுதாமல் 'முன்மாதிரி இல்லை' என்று குறியுங்கள். கூண்டில் மீன் வைத்திருப்பவர் அதைப் பார்த்துத் தண்ணீரைத் தினமும் சோதிப்பார்.