ஸ்விஃப்ட்டேட்டா: மாடல் எழுதும்போதே தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐஃபோன் செயலிகளில் தரவைச் சேமிக்க ஆப்பிள் தரும் நூலகம் (தயார் கோடுத் தொகுப்பு) ஸ்விஃப்ட்டேட்டா. தரவின் வடிவத்தைச் சொல்லும் ஒரு கிளாஸ் எழுதி அதன் தலையில் ‘மாடல்’ மேக்ரோவை (நமக்காகக் கூடுதல் கோடு எழுதித் தரும் குறியை) வைத்துவிட்டால் போதும். டேபிள் அமைப்பது, சேமிப்பது, திரும்ப எடுத்துத் திரையில் காட்டுவது எல்லாவற்றையும் ஸ்விஃப்ட்டேட்டா பார்த்துக்கொள்கிறது. 2023-இல் ஐஓஎஸ் 17-உடன் ஆப்பிள் இதைக் கொண்டுவந்தபோது, அதற்கு முந்தைய நூலகமான கோர் டேட்டாவோடு பல வருடம் மல்லுக்கட்டியவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அடியில் இருப்பது பழைய ஏற்பாடுதான். ஸ்விஃப்ட்டேட்டாவுக்குக் கீழே அதே கோர் டேட்டா, அதற்கும் கீழே ஒரு எஸ்கியூலைட் டேட்டாபேஸ் கோப்பு. அந்தக் கோப்பு முன்பின் தெரியாத ஒருவரின் ஃபோனில் இருக்கிறது. அது கெட்டுப்போனால் உள்ளே போய்ச் சரிசெய்ய உங்களுக்கு வழி கிடையாது. இதை மறப்பதால்தான் கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் நடக்கின்றன.

பேச்சுக்கு ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம்: மளிகைக் கடைக்காரர் கடன் கணக்கு வைத்துக்கொள்ளும் செயலி. வாடிக்கையாளர் என்று ஒரு மாடல், பதிவு என்று இன்னொன்று. ஒவ்வொரு பதிவும் ஒரு பற்று, அல்லது ஒரு வரவு.

மைக்ரேஷனைத் தள்ளிப்போடுவது

மாடல் மாறும்போது, ஏற்கெனவே சேமித்த தரவைப் புதிய வடிவத்துக்கு மாற்றுவதுதான் மைக்ரேஷன். வெளியிட்ட பிறகு மாடல் மாறாது என்று யாரும் நினைப்பதில்லை. ஆனாலும் முதல் வெளியீட்டில் பதிப்பைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஸ்விஃப்ட்டேட்டாவில் ‘வெர்ஷன்டு ஸ்கீமா’ என்று ஒரு வசதி இருக்கிறது. மாடல்களை அதற்குள் வைத்து, இது பதிப்பு 1 என்று முதல் நாளே சொல்லிவிடலாம். பத்து நிமிட வேலை. ஆறு மாதம் கழித்துப் பதிப்பு 2 எழுதும்போது பழைய வடிவம் அப்படியே கையில் இருக்கும். இல்லையென்றால், வெளியே போன செயலியில் மாடல் எப்படி இருந்தது என்று, கோடின் பழைய வடிவங்களை வைத்திருக்கும் கிட்டில் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

சின்ன மாற்றங்களை ஸ்விஃப்ட்டேட்டா தானாகவே சமாளிக்கும். புதிதாக ஒரு ப்ராப்பர்ட்டி (பெயர், எண் போன்ற ஒரு விவரம்) சேர்த்து அதற்கு இயல்பு மதிப்பு கொடுத்தாலும், அதை ஆப்ஷனலாக (மதிப்பு இல்லாமலும் இருக்கலாம் என்று) வைத்தாலும் சிக்கல் இல்லை. ஆபத்து இருப்பது பெயர் மாற்றத்தில். வாடிக்கையாளர் மாடலில் ‘எண்’ என்று இருந்ததை ‘கைபேசி’ என்று மாற்றுகிறீர்கள். உங்களுக்கு அது ஒரே சொல்லைத் திருத்திய வேலை. நூலகத்துக்கோ, ‘எண்’ நீக்கப்பட்டது, ‘கைபேசி’ புதிதாக வந்தது. புதியது ஆப்ஷனலாக இருந்தால் மைக்ரேஷன் எந்தப் பிழையும் காட்டாமல் முடிந்துவிடும். ஃபோன் எண்கள் மட்டும் மொத்தமாகப் போயிருக்கும். ப்ராப்பர்ட்டியின் மேல் போடும் ‘அட்ரிபியூட்’ குறியில் பழைய பெயரைக் குறிப்பிட ‘ஒரிஜினல் நேம்’ என்று ஒரு வழி இருக்கிறது. பெயர் மாற்றினால் அதைக் கட்டாயம் போடுங்கள். அதற்கும் மனமில்லை என்றால் பழைய பெயரையே விட்டுவிடலாம், அழகில்லாத பெயரால் யாருக்கும் நஷ்டமில்லை.

பெரிய மாற்றங்களுக்கு மைக்ரேஷன் பிளானில் நாமே கோட் எழுத வேண்டும். மாற்றத்துக்கு முன் ஓடும் பகுதி பழைய மாடல்களைப் பார்க்கும், பின் ஓடும் பகுதி புதிய மாடல்களைப் பார்க்கும். எண் இரட்டிக்கக் கூடாது என்று புதிதாக ஒரு விதி சேர்க்கிறீர்கள் என்றால், இரட்டைகளைக் களையும் வேலை முதல் பகுதியில் நடக்க வேண்டும். பின்பகுதியில் எழுதினால் அது ஓடுமுன்பே விஷயம் கைமீறிவிடும்.

இனி, மைக்ரேஷன் தோற்றால் என்ன நடக்கும்? செயலி எழுதும் கருவியான எக்ஸ்கோடு தரும் தயார் கோட்டைப் பாருங்கள்: ஸ்டோரை (தரவுக் கோப்பை) திறக்கும் கண்டெய்னரை உருவாக்க முடியவில்லை என்றால் ‘ஃபேட்டல் எர்ரர்’, அதாவது செயலி அங்கேயே செத்துவிடும். மாதிரிக் கோடுக்கு அது சரி. அதை அப்படியே வெளியிட்டால் கடைக்காரருக்குத் திறந்தவுடன் மூடிக்கொள்ளும் செயலிதான் கிடைக்கும். அவர் என்ன செய்வார்? நீக்கிவிட்டு மறுபடி இறக்குவார். கணக்கு மொத்தமும் அதோடு போச்சு. இன்னும் மோசமானது, பிழை வந்தால் ஸ்டோர் கோப்பை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு என்று எழுதிவைப்பது. ஆண்ட்ராய்டின் ரூம் நூலகத்திலும் ‘ஃபால்பேக் டு டிஸ்ட்ரக்டிவ் மைக்ரேஷன்’ என்று இதற்கு இணையான ஒன்று இருக்கிறது. சர்வரிலிருந்து மீண்டும் எடுத்துக்கொள்ளக்கூடிய தரவுக்கு அது பொருந்தும். கடைக்காரர் கையால் தட்டிப் போட்ட கணக்குக்குப் பொருந்தவே பொருந்தாது. கண்டெய்னர் திறக்காவிட்டால் பழைய கோப்பைத் தொடாமல் வைத்து, தரவு பத்திரமாக இருக்கிறது, அடுத்த புதுப்பிப்பு வரை பொறுங்கள் என்று ஒரு திரையாவது காட்டுங்கள்.

இந்தத் தவறு வெளியே போகும்வரை தெரியாமல் இருப்பதற்குக் காரணம் நம் வேலைப் பழக்கம். மாடலை மாற்றியதும், கணினியில் ஓடும் போலி ஃபோனான சிமுலேட்டரில் கிராஷ் ஆகும். உடனே செயலியை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுவோம், சரியாகிவிடும். அதாவது நம் கணினியில் மைக்ரேஷன் ஒரு தடவைகூட ஓடியிருக்காது. ஒவ்வொரு வெளியீட்டின்போதும் ஓரளவு தரவு நிரம்பிய ஸ்டோரை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த பதிப்பின் டெஸ்ட்டில் அதைத் திறந்து, எண்ணிக்கையும் பாக்கித் தொகையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். எடுக்கும்போது ஸ்டோர் கோப்போடு பக்கத்தில் ‘வால்’, ‘எஸ்ஹெச்எம்’ என்று முடியும் இரண்டு கோப்புகளையும் சேர்த்தே எடுக்க வேண்டும். கடைசியாக எழுதியவை பெரும்பாலும் ‘வால்’ கோப்பில்தான் இருக்கும்.

தனித்தன்மை விதியைத் தப்பாகப் புரிந்துகொள்வது

ஃபோன் எண்ணை ‘யூனிக்’ என்று குறித்தால், அதே எண்ணில் இரண்டாவது வாடிக்கையாளரைச் சேர்க்கும்போது பிழை வரும் என்றுதான் பலரும் எதிர்பார்க்கிறார்கள். ஸ்விஃப்ட்டேட்டா பிழை தராது. ஏற்கெனவே இருக்கும் வாடிக்கையாளரின் விவரங்கள் மேல் புதியதை எழுதிவிடும். சர்வரிலிருந்து வரும் தரவைச் சேர்க்க இது மிக வசதியானது. ஆனால் ஒரே ஃபோனைப் பயன்படுத்தும் அண்ணன் தம்பி இருவருக்கும் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கும் கடையில், தம்பியைச் சேர்த்ததும் அண்ணன் பெயர் காணாமல் போகும். மனிதர்கள் மாற்றக்கூடிய, பகிரக்கூடிய எதையும் அடையாளமாக வைக்காதீர்கள். அடையாளத்துக்கு ஒரு யூயூஐடி (வேறெதனோடும் ஒத்துப்போகாதபடி உருவாக்கும் குறியீடு) போதும். எண் இரட்டித்தால் சேமிக்கும் முன் நீங்களே தேடிப் பார்த்து, “இந்த எண்ணில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், தொடரலாமா?” என்று கேளுங்கள்.

ஐகிளவுட் வழியாகப் பல சாதனங்களில் ஒத்திசைக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், அதை இப்போதே முடிவு செய்யுங்கள். அதற்கு ஆப்பிள் தரும் கிளவுட்கிட்டோடு சேர்க்கும்போது யூனிக் விதி செல்லாது. எல்லா ப்ராப்பர்ட்டிகளும் ஆப்ஷனலாகவோ இயல்பு மதிப்போடோ இருக்க வேண்டும். உறவுகளும் ஆப்ஷனலாக இருக்க வேண்டும். கிளவுட்கிட் ஸ்கீமாவை நடைமுறைச் சூழலுக்குக் கொண்டுபோன பிறகு சேர்க்க மட்டுமே முடியும், நீக்கவோ பெயர் மாற்றவோ முடியாது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், மாடல் முழுவதையும் திருப்பி எழுத வேண்டி வரும்.

உறவுகளின் நீக்க விதியைப் பார்க்காமல் விடுவது

உறவுக்கு நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் நீக்க விதி ‘நல்லிஃபை’. வாடிக்கையாளரை நீக்கினால் அவருடைய பதிவுகள் நீங்காது, யாருக்கும் சொந்தமில்லாமல் உள்ளேயே கிடக்கும். பெயர்ப் பட்டியலில் அவர் இருக்க மாட்டார், மொத்த பாக்கியில் மட்டும் அவருடைய ரூபாய் சேர்ந்துகொண்டே இருக்கும். கடைக்காரர் இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டுச் செயலியையே நம்பாமல் போவார். ‘கேஸ்கேட்’ என்று வைத்தால் பதிவுகளும் சேர்ந்து நீங்கும். பல செயலிகளுக்கு அதுதான் சரி. கணக்குப் புத்தகத்துக்கு அதுவும் சரியில்லை என்பது என் கருத்து. பணம் கைமாறிய பதிவை ஒரே தட்டலில் அழிய விடக் கூடாது. முடிந்த கணக்கு என்று ஒரு குறி வைத்துப் பட்டியலிலிருந்து மறைத்தால் போதும்.

உறவை வரிசையாக, அதாவது அர்ரேயாக எழுதுவதால் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. கோடில் அது அர்ரே, டேட்டாபேஸில் அதற்கு வரிசை கிடையாது. இன்று நீங்கள் சேர்த்த ஒழுங்கில் வரும், செயலியை மூடித் திறந்தால் கலைந்து வரும். தேதியையோ வரிசை எண்ணையோ ப்ராப்பர்ட்டியாக வைத்து அடுக்கிக்கொள்ளுங்கள்.

தசம எண்களைத் தோராயமாக வைத்திருக்கும் டபுளில் தொகையை வைக்கும் தவறு ஊரறிந்தது. டெசிமல் பயன்படுத்துங்கள், அல்லது பைசாவாக முழு எண்ணில் வையுங்கள். ரசீதுப் படங்களைச் சேமிப்பதானால் அந்த ப்ராப்பர்ட்டிக்கு ‘எக்ஸ்டர்னல் ஸ்டோரேஜ்’ போட்டு, டேட்டாபேஸ் கோப்பு வீங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் எடுத்து நினைவகத்தில் வடிகட்டுவது

தரவைத் திரைக்கு எடுத்துத் தரும் ‘குவெரி’ மேக்ரோ இருக்கிறதே என்று எல்லா வாடிக்கையாளர்களையும் எடுத்து, ஒவ்வொருவரின் பதிவுகளையும் சுற்றிக் கூட்டி, பாக்கி உள்ளவர்களை மட்டும் திரையில் காட்டுகிறார்கள். இருபது பேரோடு சோதித்தால் சிட்டாய்ப் பறக்கும். மூன்று வருடக் கணக்கு ஏறிய ஃபோனில் ஸ்க்ரோல் செய்யவே முடியாது. எண்ணிக்கை மட்டும் வேண்டுமென்றால் எண்ணிக்கையை மட்டும் கேட்க ‘ஃபெட்ச் கவுண்ட்’ இருக்கிறது. கடைசி ஐம்பது பதிவுகள் போதுமென்றால் வரம்பு வையுங்கள். ஐஓஎஸ் 18 முதல், வேகமாகத் தேட இண்டெக்ஸும் வைக்கலாம், தேதிக்கு அது நல்ல பலன் தரும்.

வடிகட்டும் வேலையை டேட்டாபேஸிடம் விட ‘பிரெடிகேட்’ என்னும் நிபந்தனையை எழுதும்போது கவனம் தேவை. அது ஸ்விஃப்ட் கோடு மாதிரியே இருப்பதால் எதையும் எழுதலாம் என்று தோன்றும். ஆனால் கணக்கிட்டுத் தரும் ப்ராப்பர்ட்டிகளுக்கு டேட்டாபேஸில் இடம் கிடையாது. ‘பாக்கி’ அப்படிப்பட்ட ஒன்று என்றால், பிரெடிகேட் கம்பைல் ஆகும், ஓடும்போது கிராஷ் ஆகும். பற்றா வரவா என்பதை ‘ஈனம்’ (enum, குறிப்பிட்ட சில மதிப்புகளில் ஒன்றை மட்டும் ஏற்கும் வகை) ஆக வைத்து அதைக் கொண்டே வடிகட்ட முயன்றாலும் சிக்கல்தான், மூல மதிப்பைத் தனி ப்ராப்பர்ட்டியாக வைப்பது நல்லது. ஒவ்வொரு பிரெடிகேட்டும் உண்மையான ஸ்டோரில் ஒருமுறையாவது ஓடியிருக்க வேண்டும். கம்பைல் ஆனதை வைத்து நம்பக் கூடாது.

சேமிப்பைத் தற்செயலுக்கு விடுவது

மாற்றங்களைச் சேமிக்கும்வரை வைத்திருக்கும் இடம் காண்டெக்ஸ்ட். முதன்மை காண்டெக்ஸ்ட் தானாகச் சேமிக்கும். நீங்களே உருவாக்கும் காண்டெக்ஸ்ட்டில் அந்த வசதி அணைந்தே இருக்கும், ‘சேவ்’ அழைத்தால்தான் உண்டு. தானாகச் சேமிக்கும் இடத்திலும் எந்த நொடியில் சேமிக்கும் என்பது நம் கையில் இல்லை. பணப் பதிவு முடிந்ததும் நீங்களே சேமியுங்கள். அப்புறம், அந்த சேவுக்கு முன்னால் கேள்விக்குறியோடு ‘ட்ரை’ போட்டுப் பிழையை விழுங்காதீர்கள். ஃபோனில் இடமில்லாமல் சேமிப்பு தோற்றிருக்கும், கடைக்காரரோ ஐந்நூறு ரூபாய் எழுதியாயிற்று என்று நிம்மதியாக இருப்பார்.

பின்னணியில் பெரிய வேலை செய்யும்போது மாடல் பொருளையே வேறு திரெட்டுக்கு (இணையாக ஓடும் வேலைத் தடத்துக்கு) அனுப்பக் கூடாது. அதன் நிலையான அடையாளமான ‘பெர்சிஸ்டன்ட் ஐடென்டிஃபையரை’ அனுப்பி, பின்னணி வேலைக்கான ‘மாடல் ஆக்டர்’ உள்ளே மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விஃப்ட் 6 முறையில் கம்பைலரே இதைப் பெரும்பாலும் தடுத்துவிடும்.

வெளியே எடுக்க வழி வைக்காதது

நூலகங்களுக்கும் ஆயுள் உண்டு. ரியல்ம் ஒரு காலத்தில் மொபைல் டேட்டாபேஸ்களில் பலருடைய முதல் தேர்வு. அதை வாங்கிய மாங்கோடிபி, 2024 செப்டம்பரில் அதன் ஒத்திசைவுச் சேவையைக் கைவிடுவதாக அறிவித்து, 2025 செப்டம்பர் 30-உடன் நிறுத்தியது. அதை நம்பிக் கட்டிய செயலிகள் ஏறக்குறைய ஒரு வருடத்துக்குள் வேறு இடம் பார்க்க வேண்டியிருந்தது. ஸ்விஃப்ட்டேட்டாவுக்கு அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடைக்காரர் நாளை ஆண்ட்ராய்டு ஃபோன் வாங்கலாம், உங்கள் செயலியே பிடிக்காமல் போகலாம். கணக்கு அவருடையது. முதல் பதிப்பிலேயே வேறு செயலிகளும் படிக்கக்கூடிய ஜேசன் அல்லது சிஎஸ்வி வடிவில் ஏற்றுமதி வையுங்கள். அந்த ஏற்றுமதிக்கு மாடல் கிளாஸ்களை நேரடியாகப் பயன்படுத்தாமல், அதற்கென்று தனி ஸ்ட்ரக்ட் எழுதி அதற்குள் ஒரு பதிப்பு எண்ணும் சேருங்கள். உள்ளே மாடல் எத்தனை முறை மாறினாலும் அவர் போன வருடம் எடுத்து வைத்த கோப்பு அப்போதும் திறக்கும்.