மூன்று கிதார் கார்டில் ஒரு ரயில் கதை: 'தி கேம்ப்ளர்' பாடுவது எப்படி

அமெரிக்க கன்ட்ரி பாடகர் கென்னி ரோஜர்ஸின் 'தி கேம்ப்ளர்' (சூதாட்டக்காரர்) பாட்டைக் கிதாரில் வாசிக்க டி, ஜி, ஏ என்று மூன்று கார்டு (சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் விரல் பிடி) தெரிந்தால் போதும். கஷ்டமெல்லாம் குரலில்தான். அறிவுரைப் பாட்டு என்று பெயர் வாங்கிவிட்டதால், பாதிப் பேர் முதல் வரியிலேயே பிரசங்கத்தை ஆரம்பித்துவிடுகிறார்கள் (நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பாடினேன், கேட்டவர்கள் மரியாதைக்காக உட்கார்ந்திருந்தார்கள்).

அதனால் கிதாரைத் தொடுவதற்கு முன் கதையைப் பிடியுங்கள். ராத்திரி ரயில், தூக்கம் வராத இரண்டு பேர், அதில் ஒருவர் பழம் தின்று கொட்டை போட்ட சீட்டாட்டக்காரர். எதிரில் இருப்பவனின் முகத்தைப் பார்த்தே இவன் கையில் நல்ல சீட்டு இல்லை என்று கண்டுபிடித்துவிடுகிறார், ஒரு வாய் விஸ்கி கொடுத்தால் யோசனை சொல்கிறேன் என்கிறார், பாட்டிலைக் காலி செய்கிறார், அப்புறம் ஒரு சிகரெட், அதற்கு நெருப்பு, எல்லாமே ஓசி! இப்படிப்பட்ட ஆள் மேடைக் குரலில் பேசுவாரா? 1976இல் இதை எழுதியபோது டான் ஷ்லிட்ஸுக்கு 23 வயது, அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் ராத்திரி ஷிஃப்டில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அந்தத் தூங்காத ராத்திரிதான் பாட்டு முழுக்க இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

சரி, வலது கை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றுக்குத் தனியாக ஒரு பேஸ் கம்பி (தடித்த, கனத்த ஒலிக் கம்பி), இரண்டுக்குக் கீழ்க் கம்பிகளில் ஸ்ட்ரம் (ஒரே வீச்சில் சேர்த்து மீட்டுவது), மூன்றுக்கு வேறொரு பேஸ் கம்பி, நான்குக்கு மறுபடி ஸ்ட்ரம். டி பிடிக்கும்போது பேஸ் நான்காவது கம்பி (எல்லாவற்றிலும் தடித்தது ஆறாவது), பிறகு ஐந்தாவது; ஜிக்கு ஆறு, நான்கு; ஏவுக்கு ஐந்து, ஆறு. ரயில் சக்கரம் மாதிரி ஒரே சீராக ஓட வேண்டும். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து ஆரம்பியுங்கள், கார்டு மாறும்போது தடுமாறினால் வேகத்தைக் கூட்டாதீர்கள். 1978 இறுதியில் வந்த கென்னி ரோஜர்ஸ் பதிவோடு சேர்ந்து வாசிக்க முதல் ஃப்ரெட்டில் (கழுத்தில் உள்ள முதல் கட்டத்தில்) கேபோ, அதாவது எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப், போடுங்கள், நடுவில் சுருதி அரைப்படி ஏறும், தனியாகப் பாடும்போது அதை விட்டுவிடலாம்.

சரணங்களைப் பேசுகிற மாதிரி, தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கியே பாடுங்கள். எந்தச் சீட்டை வைத்துக்கொள்வது, எதைக் கீழே போடுவது, எப்போது எழுந்து போவது, எப்போது ஓடுவது என்று சொல்கிற பல்லவியில் மட்டும் குரலைத் திறக்கலாம். கூட இருப்பவர்கள் தானாகவே சேர்ந்துகொள்வார்கள்.

கடைசிச் சரணம்தான் சோதனை. பெரியவர் சிகரெட்டை அணைத்துவிட்டுத் தூங்கப் போகிறார். அவர் செத்துப்போனார் என்று பாட்டு நேராகச் சொல்வதில்லை, லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை, கணக்கு சரியாகிவிட்டது என்கிறது, அவ்வளவுதான். அந்த வரியில் ஸ்ட்ரம்மை நிறுத்திவிட்டு டியை ஒரே தடவை தட்டி அதிரவிடுங்கள், குரலை இழுத்துச் சோகம் காட்ட வேண்டாம், ஒரு மூச்சு விட்டுவிட்டு அதே ரயில் வேகத்தில் பல்லவிக்குப் போங்கள்.