"அரை மணி நேர வேலை தம்பி": சென்னையில வீட்டுப் படம் எடுக்கக் கிளம்புறவங்களுக்கு

"தம்பி, ஒரு டூ பிஹெச்கே. அரை மணி நேர வேலைதான். அப்படியே போற வழியில எடுத்துட்டுப் போயிடேன்."

விக்கவோ வாடகைக்கு விடவோ போற வீட்டைப் படம் எடுத்துக் குடுக்குற இந்தத் தொழில்ல எனக்கு வந்த முதல் போன் இதுதான். பேசினவர் வேளச்சேரிப் பக்கம் இருக்குற ஒரு புரோக்கர் அண்ணன். அந்த அரை மணி நேரம் எப்படிப் போச்சுன்னு சொல்றேன். அண்ணா நகர்ல இருந்து வண்டியில போய்ச் சேர ஒரு மணி நேரம். சாவி வச்சிருந்த பக்கத்து வீட்டம்மா கோயிலுக்குப் போயிருந்தாங்க, படிக்கட்டுல முக்கால் மணி. வீட்டை ஒழுங்கு பண்ண ஒண்ணரை மணி. படம் எடுத்தது நாப்பது நிமிஷம். ராத்திரி எடிட்டிங் ரெண்டரை மணி. கூலி 1,500 ரூபாய், அதுவும் மூணு வாரம் கழிச்சு.

அதுக்கு முன்னாடி நான் கல்யாண வேலை பாத்துக்கிட்டு இருந்தேன். அங்க வெளிச்சம் பத்தலைன்னா ஃபிளாஷ் அடிச்சுத் தப்பிச்சிடலாம். வீட்டுல அதே ஃபிளாஷ் டைல்ஸ்லயும் பீரோ கண்ணாடியிலயும் பளிச்சுன்னு காட்டிக் குடுத்துடும். அதனால கல்யாணத்துல கைதேர்ந்தவங்களும் இதைப் புதுசாத்தான் கத்துக்கணும்.

படி 1: போன்லயே கேட்டு முடிக்க வேண்டியது

சாவி யாருகிட்ட இருக்கு? வீட்டுல ஆள் இருக்காங்களா, காலியா? காலின்னா கரண்ட் இருக்கா? (பூட்டிக் கிடக்குற ஃப்ளாட்ல மெயினை இறக்கி வச்சிருப்பாங்க, சில இடத்துல இணைப்பே கட்டாகி இருக்கும்.) அசோசியேஷன்ல சொல்லியாச்சா? இதை ஓனர் வாயால சொல்ல வைங்க. இல்லைன்னா ட்ரைபாடைப் பாத்ததும் வாட்ச்மேன் கேட்லயே நிறுத்திடுவார். அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது.

அடுத்தது, வாசல் எந்தப் பக்கம் பாத்திருக்கு? இது வாஸ்துக்காக இல்லை, வெயிலுக்காக. கிழக்குப் பாத்த முகப்புன்னா காலையில 9 மணிக்குள்ள முடிச்சிடணும். மேற்குன்னா 4 மணிக்கு மேல. நம்ம ஊர்ல தலைவலி வடக்குப் பாத்த வீடுதான், அதுவும் நிறைய இருக்கு. சென்னை 13 டிகிரி வடக்குல இருக்குறதால ஏப்ரல் கடைசி வாரத்துல சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதுல இருந்து ஆகஸ்ட் மூணாவது வாரம் வரைக்கும் மத்தியானச் சூரியன் கொஞ்சம் வடக்கே சாஞ்சே இருக்கும். வடக்கு முகப்புல வெயில் நல்லா விழுறது அந்த நாலு மாசத்துலதான். மார்கழியில பொழுதுக்கும் நிழல். அந்த மாதிரி வேலைக்கு வெயிலை எதிர்பார்த்துக் காத்திருக்காதீங்க, சாயங்காலம் உள்ள லைட்டைப் போட்டு எடுத்துக்கலாம்னு முன்னாடியே சொல்லிடுங்க.

படி 2: பையில என்ன இருக்கணும்

கேமரா எந்த மாடலா இருந்தாலும் பரவாயில்லை. ஃபுல் ஃப்ரேம்னா (பெரிய சென்சார் கேமரா) 16-35 எம்எம் மாதிரி ஒரு அகலமான லென்ஸ், கிராப் சென்சார்னா (அதை விடச் சின்ன சென்சார்) 10-18 இல்லைன்னா 10-20. ஆடாத ட்ரைபாட். கடைக்காரர் சொல்ற மத்த எதையும் முதல் ஆறு மாசத்துக்கு வாங்காதீங்க.

ஆனா அவர் சொல்லாத சில சாமான் வேணும். ஒரே நிறத்துல ரெண்டு எல்இடி பல்பு, ஏன்னா ஹால்ல நாலு பல்புல ஒண்ணு கட்டாயம் ஃபியூஸ் போயிருக்கும். பழைய துண்டு ரெண்டு. சின்ன டார்ச். கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே.

சென்னைக்குன்னே ஒரு எச்சரிக்கை. ஏசி போட்ட பெட்ரூம்ல எடுத்துட்டு அப்படியே பால்கனிக்குப் போனா லென்ஸ் மேல ஆவி படிஞ்சு வெள்ளையாயிடும். துடைச்சாலும் திரும்ப வரும், பத்து நிமிஷம் சும்மா நிக்கணும். அதனால பால்கனியை முதல்ல எடுங்க, ஏசி ரூமைக் கடைசியில வைங்க. வேலை முடிஞ்சதும் பையை அப்படியே அலமாரியில போட்டா இந்த ஈரக்காத்துக்கு லென்ஸுக்குள்ள பூஞ்சை பிடிச்சிடும். காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு உள்ள வைங்க.

படி 3: துடைப்பம் பிடிக்கிற நேரம்

படத்தோட தரம் இங்கதான் முடிவாகுது. லென்ஸ்ல இல்லை.

பெரம்பூர்ல ரெண்டாவது மாடி ஃப்ளாட் ஒண்ணு. ஓனர் விக்கப் போறார், வாடகைக்கு இருந்தவங்க இன்னும் காலி பண்ணலை. கதவைத் திறந்த அக்கா முகத்துல சிரிப்பே இல்லை. நான் துண்டை எடுத்து கிச்சன் மேடையைத் துடைக்கப் போனதும் கேட்டாங்க: "நாங்க காலி பண்றதுக்கு நாங்களே தொடைச்சுக் குடுக்கணுமா?" என்ன பதில் சொல்றது? "நீங்க உக்காருங்கக்கா, நானே பாத்துக்குறேன், எல்லாத்தையும் எடுத்த இடத்துலயே வச்சிடுறேன்"னு சொன்னேன். அந்த வாக்கைக் காப்பாத்த ஒரே வழி, எதையும் தொடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ரூமையும் போன்ல ஒரு படம் எடுத்து வச்சுக்குறது. திருப்பி அடுக்கும்போது அதைப் பாத்தே அடுக்கலாம். இன்னைக்கும் எல்லா வீட்டுலயும் இதைத்தான் பண்றேன்.

அந்த மேடை மேல இருந்தது: மிக்ஸி, கிரைண்டர், மூணு ஊறுகாய் ஜாடி, எண்ணெய்த் தூக்கு, மருந்து டப்பா, கவுத்து வச்ச 20 லிட்டர் தண்ணி கேன், அதுக்குக் கீழ ஈரத் துணி. அடுப்பையும் ஒரு பித்தளைச் சொம்பையும் விட்டுட்டு மத்தது எல்லாத்தையும் சின்ன பெட்ரூமுக்கு மாத்தினேன். இதுதான் உத்தி: ஒரு ரூமைக் குப்பை ரூமா வச்சுக்கங்க. மத்த ரூமெல்லாம் எடுத்து முடிச்சதும் சாமானை ஹாலுக்குத் தள்ளிட்டு அந்த ரூமை எடுங்க. எல்லாத்தையும் பால்கனியில போட்டா பால்கனிப் படம் போச்சு.

கண்ணுக்குத் தப்புற சாமான் சிலது இருக்கு: ஹால்ல கட்டின துணிக்கொடி, ஜன்னல்ல வெல்க்ரோ போட்டு ஒட்டின கொசுவலை (இதைக் கழட்டினாலே ரூம் இன்னும் வெளிச்சமாகும்), பாத்ரூம் பக்கெட், ஃபேன் றெக்கையில ஒட்டடை. சுவத்துல மாட்டின ஈபி அட்டை, பார்சல் கவர், குடும்பப் படம், பிள்ளையோட சர்டிஃபிகேட் இதுல எல்லாம் பேரும் நம்பரும் முகமும் இருக்கும். இணையத்துல போகப் போற படத்துல அதெல்லாம் வரக்கூடாது.

பூஜை அலமாரிக்குத் தனியா கேளுங்க. சில வீட்டுல "எடுக்க வேணாம்"பாங்க, சில வீட்டுல "விளக்கேத்துறேன், எடுங்க"ன்னு சொல்லுவாங்க. எது சொன்னாலும் சரி, சாமி படத்தை மட்டும் நீங்களா நகர்த்தாதீங்க.

பெரம்பூர் அக்கா கடைசியில காபி போட்டுக் குடுத்தாங்க. சொம்பை மட்டும் தப்பான பக்கம் வச்சிட்டேன்னு சொல்லித் திருத்தினாங்க.

படி 4: படம்

ட்ரைபாட்ல கேமராவை நெஞ்சு உயரத்துக்கு வைங்க, சுமார் 4 அடி. கிச்சன்ல அரை அடி ஏத்துங்க, மேடையோட மேல்பரப்பு கொஞ்சம் தெரியணும். கேமரா மேலயும் கீழயும் சாயக்கூடாது. சாஞ்சா கதவு நிலையும் தூணும் சரிஞ்சு நிக்கும், வீடே விழப்போற மாதிரி இருக்கும். அபெர்ச்சர் (லென்ஸ் துவாரம்) எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ரா ஃபைல் (எடிட்டிங்குக்கு வசதியான, கேமரா சுருக்காத ஃபைல்), ரெண்டு செகண்ட் டைமர்.

ஜன்னல் வெளிய வெள்ளையா வெடிச்சுப் போறதும் ரூம் இருட்டா இருக்குறதும் ஒரே படத்துல சரியாகாது. அதனால மூணு படம்: ஒண்ணு சரியான அளவு, ஒண்ணு 2 ஸ்டாப் கம்மி, ஒண்ணு 2 ஸ்டாப் கூட (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகும், இல்லைன்னா ரெட்டிப்பாகும்). எடிட்டிங்ல மூணையும் சேத்துக்கலாம். மூணு படத்துக்கும் நடுவுல எதுவும் அசையக்கூடாது. ஃபேனை நிறுத்துங்க, திரைச்சீலையைக் கட்டுங்க. மே மாசத்துல ஃபேன் இல்லாம பூட்டின ஃப்ளாட்ல நிக்கிறது எப்படின்னு நான் சொல்ல வேண்டியதில்லை, மாத்துச் சட்டை ஒண்ணு எடுத்துட்டுப் போங்க.

லைட் விஷயத்துல என் பழக்கம்: ஜன்னல் வெளிச்சம் போதும்னா எல்லா லைட்டையும் அணைச்சிடுவேன். வெள்ளை ட்யூப், மஞ்சள் பல்பு, வெளிச் சூரியன் மூணும் கலந்தா சுவர் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள். லைட் போட்டே ஆகணும்னா ஷட்டரை 1/50 செகண்ட் இல்லைன்னா அதை விட மெதுவா வைங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், வேகமான ஷட்டர்ல மட்டமான எல்இடி கோடு கோடா விழும்.

இப்ப லென்ஸ் கதை. அந்த வேளச்சேரி அண்ணனுக்கு நான் எடுத்த ரெண்டாவது ஃப்ளாட். 11-க்கு 14 அடி ஹால். வாசல் மூலையில முதுகை ஒட்டிக்கிட்டு, கிராப் கேமராவுல 10 எம்எம் வச்சு எடுத்தேன். படத்துல கல்யாண மண்டபம் மாதிரி இருந்துச்சு, அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். சனிக்கிழமை செங்கல்பட்டுல இருந்து ஒரு குடும்பம் கார் எடுத்துட்டு வந்துச்சு. பெரியவர் ஹால் நடுவுல நின்னு ஒரு சுத்துப் பாத்துட்டு, "ஹால் எங்க?"ன்னு கேட்டிருக்கார்.

அண்ணன் என்னைத் திட்டலை. நாலு மாசம் போன் பண்ணலை, அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் கிராப்ல 12-க்குக் கீழயும் ஃபுல் ஃப்ரேம்ல 18-க்குக் கீழயும் நான் போறதில்லை, பாத்ரூம் தவிர. சோதனை சுலபம்: ஓரத்துல நிக்கிற ஃப்ரிட்ஜ் ரெட்டைக் கதவு பீரோ அகலத்துக்குத் தெரிஞ்சா லென்ஸைக் கொஞ்சம் ஜூம் பண்ணுங்க. படம் பாத்து வர்ற ஆள் வாசல்ல நின்னதும் "ஆமா, இதுதான்"னு சொல்லணும். வீடு விக்கிறதும் விக்காததும் உங்க வேலை இல்லை, வந்தவர் ஏமாந்த முகத்தோட திரும்பாம பாத்துக்குறதுதான் வேலை.

படி 5: வெளிய, மேல

சாயங்கால முகப்புப் படம் அழகா வரும், ஆனா சூரியன் மறைஞ்சு இருவது நிமிஷம்தான் கையில இருக்கு. நம்ம ஊர்ல இருட்டு சட்டுன்னு இறங்கும். நவம்பர்ல 5.40 மணிக்கே சூரியன் மறைஞ்சிடும், ஜூன் கடைசியில கிட்டத்தட்ட 6.40 ஆகும். அதுக்கு முன்னாடியே ட்ரைபாடை நட்டுட்டு எல்லா ரூம்லயும் லைட்டைப் போட்டு வச்சிடுங்க.

டிரோன் கேப்பாங்க, முக்கியமா பில்டர்கள். "சின்னதுதானே, பறக்க விடுங்க"ன்னா தலையாட்டாதீங்க. 2021 டிரோன் விதிகள்படி 250 கிராமுக்கு மேல 2 கிலோ வரைக்கும் மைக்ரோ வகை. அதைக் காசுக்கு ஓட்டினா பைலட் சான்றிதழ் வேணும். அதை விடப் பெரிய சிக்கல் இடம். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டும் தாம்பரம் விமானப்படைத் தளமும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. தென்சென்னை வேலைன்னா, எங்க டிரோன் பறக்கலாம்னு காட்டுற அரசோட டிஜிட்டல் ஸ்கை மேப்புல அந்த இடம் சிவப்பா (தடை), மஞ்சளா (அனுமதி வேணும்), பச்சையான்னு பாக்காம வாக்குக் குடுக்காதீங்க. நான் டிரோன் வேலையை உரிய சான்றிதழ் வச்சிருக்குற ஒருத்தர்கிட்ட விட்டுடுறேன். பக்கத்துக் கட்டட மொட்டை மாடியில அனுமதி வாங்கி எடுத்தே பல வேலை முடிஞ்சிருக்கு.

படி 6: எடிட்டிங்ல எங்க நிறுத்தணும்

கோடு நிமிர்த்துறது, நிறம் சரி பண்றது, மூணு படம் சேக்குறது எல்லாம் ஒரு வாரத்துல பழகிடும். கஷ்டம் வேற இடத்துல. "தம்பி, சீலிங்ல அந்த ஈரக்கறையை மட்டும் கொஞ்சம்..."னு இழுப்பாங்க. கையால தூக்கி ஓரமா வைக்கக்கூடிய பொருள்னா அழிப்பேன்: மறந்துபோன பக்கெட், தரையில ஒரு ஒயர். வாங்குறவர் வரும்போதும் அங்கயே இருக்கப்போற எதையும் தொடமாட்டேன்: ஈரக்கறை, ஜன்னலுக்கு வெளிய டிரான்ஸ்ஃபார்மர், எதிர்வீட்டுச் சுவர். 

பில்டர் வேலைன்னா இதுல சட்டமும் இருக்கு. 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு பண்ண வேண்டிய திட்டத்துக்கு விளம்பரத்துல பதிவு எண் இருக்கணும். பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவர் பில்டர்கிட்ட நஷ்டஈடு கேக்கலாம். இல்லாத புல்வெளியை நீங்க வரைஞ்சு குடுத்தா, நாளைக்குக் கேள்வி வரும்போது "போட்டோகிராபர் பண்ணது"ன்னுதான் முதல் விரல் நீளும்.

படி 7: காசு

மணிக்கணக்கைக் கூட்டி விலை சொல்லுங்க, படக்கணக்குல சொல்லாதீங்க. என் முதல் வேலையில 1,500 ரூபாயை ஆறரை மணி நேரத்தால வகுத்துப் பாருங்க, மணிக்கு 230 ரூபாய் சொச்சம். அதுல பெட்ரோல், வேளச்சேரி வரைக்கும் போன அலைச்சல் எல்லாம் அடக்கம். இப்ப நான் தூரத்துக்குத் தனியா வாங்குறேன். பாதி முன்பணம் ஜிபேயில வந்தாதான் தேதி. முதல்ல பேர் போட்ட சின்ன சைஸ் படம் அனுப்புவேன், மீதி வந்ததும் பெரிய சைஸ்.

யாருக்கு வேலை செய்றீங்கன்றதைப் பொறுத்து எல்லாம் மாறும். புரோக்கருக்கு இன்னைக்கே படம் வேணும், விலை கம்மி. இன்டீரியர் டிசைனர் ஒரு குஷனை நாலு தடவை திருப்பி வைப்பார், ஆனா விலையும் மரியாதையும் கூட. பில்டர் ஹோர்டிங்ல போடுறதா இருந்தா அதுக்குத் தனி விலைன்னு எழுதி வாங்கிக்கங்க. வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினா ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அது இனிமையான தொந்தரவு, அப்ப பாத்துக்கலாம்.

ஏப்ரல், மே பள்ளிக்கூட லீவுல வாடகை வீட்டு வேலை குவியும். ஆடியிலயும் மார்கழியிலயும் யாரும் வீடு மாத்தமாட்டாங்க, கிரகப்பிரவேசம் கிடையாது, போன் அமைதியாயிடும். மார்கழி கடைசியில தை மாசத்துக்காகக் கொஞ்சம் வேலை வரும், ஆடியில அதுவும் இல்லை. அந்த மாசம் லென்ஸை சர்வீஸுக்குக் குடுங்க, இன்டீரியர் ஆளுங்களைப் போய்ப் பாருங்க, பழைய பாக்கியைக் கேளுங்க. புரோக்கர்களும் ஆபீஸ்ல சும்மாதான் உக்காந்திருப்பாங்க, போனை எடுத்துடுவாங்க.