டிக்கின்ஸனின் எண்பதுகள்: எது சிறந்த பாட்டு என்று ஒழுங்காகச் சண்டை போடுவது எப்படி

பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனின் ரசிகர்கள் நாலு பேர் கூடி, எண்பதுகளில் அதன் பாடகர் ப்ரூஸ் டிக்கின்ஸன் எழுதியதில் எது டாப் என்று ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்திலேயே ஒருவர் ‘ஹாலோட் பி தை நேம்’ என்பார், இன்னொருவர் ‘த ட்ரூப்பர்’ என்பார். இரண்டையும் எழுதியவர் பாஸ் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸ். ‘வேஸ்டட் இயர்ஸ்’ என்று அடித்துச் சொல்பவரும் இருப்பார். அது கிட்டாரிஸ்ட் ஏட்ரியன் ஸ்மித்தின் பாட்டு. பாடியவரையும் எழுதியவரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்த விவாதம் முதல் சுற்றிலேயே கெட்டுப்போகிறது. அதனால் வாயைத் திறப்பதற்கு முன்னால் பட்டியல் தயாராக இருக்க வேண்டும்.

பட்டியலுக்கும் முன்னால் பத்தாண்டு எது என்று முடிவு செய்யுங்கள். 1980 முதல் 1989 வரை என்று வைத்தால் கணக்கு சுத்தமாக நிற்கும். 1981 முதல் 1990 வரை என்று எடுத்தால் ‘நோ ப்ரேயர் ஃபார் த டையிங்’ ஆல்பமும், டிக்கின்ஸனின் முதல் தனி ஆல்பமான ‘டாட்டூட் மில்லியனேர்’ உள்ளே வந்துவிடும். அது வேறு மனநிலையில் எழுதிய பாட்டுகள், எண்பதுகளின் மெய்டனோடு ஒட்டாது.

எல்லைக்கோட்டில் மாட்டிக்கொள்வது ஒரே ஒரு பாட்டு: ‘ப்ரிங் யுவர் டாட்டர் டு த ஸ்லாட்டர்’. 1989இல் ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட் 5’ படத்துக்காக டிக்கின்ஸன் தனியாக எழுதிப் பாடியது. பிறகு மெய்டன் அதை மறுபடி பதிவு செய்து 1990 டிசம்பர் கடைசியில் சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டு வெளியீடாக, விட்டது, 1991 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதே பாட்டுக்குத்தான் மோசமான பாடலுக்கான ராஸி விருதும் கிடைத்தது. அதற்குத் தனியாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள், முக்கியப் பட்டியலில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் மீதிப் பாட்டுகளைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

மெய்டனுக்கு முன்னால் அவர் பாடிய சாம்ஸன் குழுவின் ‘ஹெட் ஆன்’ (1980), ‘ஷாக் டாக்டிக்ஸ்’ (1981) இரண்டும் தனிப் பட்டியல். அங்கேயும் ஒரு பொறி உண்டு: ‘ரைடிங் வித் தி ஏஞ்சல்ஸ்’ ரஸ் பேலர்டின் பாட்டு, டிக்கின்ஸன் கணக்கில் வராது.

பன்னிரண்டு பாட்டு, அவ்வளவுதான்

ஆல்பம் உறையில் டிக்கின்ஸன் பெயர் அச்சாகியிருக்கும் மெய்டன் ஆல்பம் பாடல்கள் அந்தப் பத்தாண்டில் மொத்தம் 12. ‘பீஸ் ஆஃப் மைண்ட்’ (1983), ‘பவர்ஸ்லேவ்’ (1984), ‘செவன்த் சன் ஆஃப் எ செவன்த் சன்’ (1988) என்று மூன்று ஆல்பங்களிலும் நாலு நாலு.

தனியாக எழுதியவை மூன்றே மூன்று: ‘ரெவலேஷன்ஸ்’, ‘ஃப்ளாஷ் ஆஃப் த பிளேட்’, ‘பவர்ஸ்லேவ்’.

ஸ்மித்தோடு சேர்ந்து ஐந்து: ‘ஃப்ளைட் ஆஃப் ஐகரஸ்’, ‘சன் அண்ட் ஸ்டீல்’, ‘டூ மினிட்ஸ் டு மிட்நைட்’, ‘பேக் இன் த வில்லேஜ்’, ‘மூன்சைல்ட்’.

ஸ்மித், ஹாரிஸ் இருவரோடும் மூன்று: ‘டை வித் யுவர் பூட்ஸ் ஆன்’, ‘கேன் ஐ ப்ளே வித் மேட்னஸ்’, ‘தி ஈவில் தட் மென் டூ’.

ஹாரிஸோடு மட்டும் ஒன்று: ‘ஒன்லி த குட் டை யங்’.

பி-சைடுகளை, அதாவது சிங்கிள் தட்டின் மறுபக்கத்தில் வரும் பாட்டுகளை, சேர்க்க வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் விட்டுவிடுங்கள். முதல் ஐந்துக்குள் ஒரு பி-சைடு வரப்போவதில்லை.

‘த நம்பர் ஆஃப் த பீஸ்ட்’ (1982) எங்கே என்று கேள்வி வரும். சாம்ஸன் காலத்து ஒப்பந்தச் சிக்கலால் அந்த ஆல்பத்தில் அவர் பெயரைப் போட முடியவில்லை. ‘ரன் டு த ஹில்ஸ்’, ‘சில்ட்ரன் ஆஃப் த டேம்ட்’, ‘த ப்ரிசனர்’ மூன்றிலும் தன் பங்கு உண்டு என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஆனால் எந்த வரி, எந்த மெட்டு என்று பிரித்துக் காட்ட வழியில்லாதபோது மார்க் போடவும் வழியில்லை. உறையில் உள்ள பெயர்தான் கணக்கு என்று விதி வைத்துவிட்டால் இந்தத் தலைவலி தீரும்.

1986இல் வந்த ‘சம்வேர் இன் டைம்’ ஆல்பத்தில் டிக்கின்ஸன் பெயர் ஒரு பாட்டில்கூட இல்லை. ‘பவர்ஸ்லேவ்’ ஆல்பத்துக்கான 11 மாதச் சுற்றுப்பயணம் முடிந்து வந்தவர், அகூஸ்டிக் பக்கம் சாய்ந்த பாட்டுகளைக் கொண்டுவந்தார். ஹாரிஸ் அவற்றை ஏற்கவில்லை. அதனால் அவருடைய பத்தாண்டு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது: 83, 84இல் எட்டு, 88இல் நாலு. தனியாக எழுதிய மூன்றும் முதல் பாதியிலேயே முடிந்துவிடுகின்றன. உருப்படியான சண்டை இங்கேதான் இருக்கிறது: அவர் எழுத்தின் உச்சம் 84இலேயே முடிந்ததா, 88இல் திரும்பி வந்ததா?

கேட்கும் முறை

12 பாட்டும் சேர்த்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒரே உட்காரலில் கேட்டுவிடலாம். ஆல்பம் வரிசையில் கேட்காதீர்கள், முதலில் வரும் 83இன் பாட்டுகளுக்குக் காது புதிதாக இருப்பதன் லாபம் போய்ச் சேரும். வரிசையைக் கலைத்துப் போடுங்கள். ஒரு விதிவிலக்கு: ‘மூன்சைல்ட்’ கண்டிப்பாக ‘ஒன்லி த குட் டை யங்’குக்கு முன்னால் வர வேண்டும். ‘மூன்சைல்ட்’ தொடக்கத்தில் வெறும் அகூஸ்டிக் கிட்டாரோடு வரும் ஏழு பாவங்களின் சிறு பாட்டுத்தான் ஆல்பத்தின் கடைசியில், ‘ஒன்லி த குட்’ முடிந்த கையோடு திரும்பி வருகிறது. மாற்றிக் கேட்டால் அந்த முடிச்சு தெரியாது.

எல்லோரும் ஒரே பதிப்பைக் கேட்கிறார்களா என்று பாருங்கள். பழைய எல்.பி.க்கும் பிற்கால ரீமாஸ்டருக்கும் சத்த அளவே வேறு. சத்தம் கூடிய பதிப்பு காதுக்கு நல்ல பாட்டு மாதிரியே இருக்கும். ஸ்ட்ரீமிங் செயலியில் கேட்பதென்றால் சத்தத்தைச் சமப்படுத்தும் வசதியை ஆன் செய்துவிடுங்கள். லைவ் பதிவுகளை முதல் சுற்றில் தொடவே வேண்டாம். ‘லைவ் ஆஃப்டர் டெத்’ (1985) அருமையான ஆல்பம்தான், ஆனால் இந்த வேலைக்கு விஷம். அதுவரை வந்த எட்டுப் பாட்டில் ஐந்துதான் அதில் உண்டு. ‘சன் அண்ட் ஸ்டீல்’, ‘ஃப்ளாஷ் ஆஃப் த பிளேட்’, ‘பேக் இன் த வில்லேஜ்’ மூன்றும் இல்லை. அதையே கேட்டு வளர்ந்தவர்கள் இந்த மூன்றையும் பட்டியலின் அடியில் தள்ளுவார்கள். பாட்டு மோசம் என்பதால் அல்ல, பழகாததால். கலைத்த வரிசையில் இந்த மூன்றையும் முன்பாதிக்குள் வைத்தால் ஓரளவு சரியாகும்.

‘ஃப்ளைட் ஆஃப் ஐகரஸ்’ விஷயத்தில் இது இன்னும் முக்கியம். மெதுவான அந்த நடைதான் டிக்கின்ஸன் விரும்பியது. ஹாரிஸ் இன்னும் வேகமாக இருக்க வேண்டும் என்று நினைத்தார், மேடையில் வேகமாகவே வாசித்தார்கள். லைவ் பதிவைக் கேட்டு மார்க் போட்டால் ஹாரிஸின் முடிவுக்கு டிக்கின்ஸன் பெயரில் மார்க் போடுகிறீர்கள்.

எதற்கு மார்க், எதற்குக் கிடையாது

மூன்று தலைப்பு போதும்: வரிகளுக்கு 10, பாடும் மெட்டுக்கு 10, கட்டமைப்புக்கு 5. மொத்தம் 25.

கூட்டாக எழுதிய பாட்டுகளில் ரிஃப்புக்கு, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குக்கு, மார்க் கிடையாது. இதைத்தான் மக்கள் ஒத்துக்கொள்ள மறுப்பார்கள். ‘டூ மினிட்ஸ்’ அந்த ரிஃப் இல்லாமல் என்ன ஆகும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அது ஸ்மித் கொண்டுவந்த சரக்கு. சிங்கிளாக வந்து பிரிட்டிஷ் பட்டியலில் ஏறிய நாலையும் பாருங்கள்: ‘ஐகரஸ்’ 11, ‘டூ மினிட்ஸ்’ 11, ‘மேட்னஸ்’ 3, ‘ஈவில்’ 5. நாலிலும் ஸ்மித் பெயர் இருக்கிறது, இந்தப் பன்னிரண்டில் டிக்கின்ஸன் தனியாக எழுதியது எதுவும் சிங்கிளாகவே வரவில்லை. ஹிட்டை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் ஸ்மித்துக்குத்தான் மாலை விழும்.

தனியாக எழுதிய மூன்றில் மட்டும் ரிஃப் கட்டமைப்புக் கணக்கில் சேரும். கிட்டார் சோலோவுக்கு எங்கேயும் மார்க் இல்லை. மெய்டனின் இன்னொரு கிட்டாரிஸ்ட் டேவ் மர்ரேயின் விரலுக்கு டிக்கின்ஸனைப் பாராட்டுவது நியாயமில்லை.

மூவர் எழுதியதில் யார் என்ன செய்தார் என்று தெரிந்தவரை பிரிக்க வேண்டும். ‘மேட்னஸ்’ முதலில் ஸ்மித் வைத்திருந்த மெதுவான பாட்டு. தலைப்பையும் போக்கையும் மாற்றியவர் டிக்கின்ஸன். நடுவில் தாளம் மாறி வரும் வாத்தியப் பகுதி ஹாரிஸின் கைவேலை. ஆக, இதில் அவர் கட்டமைப்பு மார்க் 5க்கு 2ஐத் தாண்டக் கூடாது. வாத்தியமே இல்லாமல் பல்லவியில் தொடங்கும் அந்த மெட்டுக்கு வேண்டுமானால் தாராளமாகப் போடுங்கள்.

கடன் வாங்கிய வரிகளையும் கழிக்க வேண்டும். ‘ரெவலேஷன்ஸ்’ தொடங்கும் எட்டு வரியும் ஜி. கே. செஸ்டர்டன் எழுதிய கிறிஸ்தவத் துதிப்பாடலின் முதல் சரணம். உறையிலேயே சொல்லியிருக்கிறார்கள், ஒளிவுமறைவு இல்லை. ஆனால் அந்த எட்டு வரியின் கம்பீரத்துக்காக 9 மார்க் போடுபவர் செஸ்டர்டனுக்குப் போடுகிறார். ‘ஈவில்’ தலைப்பு ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் மார்க் ஆண்டனி பேசும் வசனம். தலைப்பு மட்டும் என்பதால் அரை மார்க் கழித்தால் போதும்.

கடைசி மூன்று

முறையாகப் போட்டால் பெரும்பாலும் ‘ரெவலேஷன்ஸ்’, ‘பவர்ஸ்லேவ்’, ‘டூ மினிட்ஸ்’ மூன்றும் மேலே வரும். இங்கே அவசரப்படாமல் வரிகளை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாம் முறை கேளுங்கள்.

‘டூ மினிட்ஸ்’ அணு ஆயுதப் போரையும் அதில் காசு பார்ப்பவர்களையும் பற்றியது. உலகம் பேரழிவுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று காட்ட அணு விஞ்ஞானிகள் வைத்த ஊழிக் கடிகாரத்திலிருந்து வந்த தலைப்பு, நள்ளிரவு என்றால் அழிவு. அந்த முள் 1953இல் நள்ளிரவுக்கு 2 நிமிஷத்தில் நின்றது. பாட்டு வந்த 1984இல் 3 நிமிஷம். பல்லவி கூட்டத்தையே பாட வைக்கும். சரணங்களில் சொற்களைத் திணித்திருக்கிறார், சில இடங்களில் மூச்சு வாங்கத்தான் மெட்டு இருக்கிறது. மெட்டு 9, வரிகள் 7.

‘ரெவலேஷன்ஸ்’ வாங்கும் மார்க் கட்டமைப்பில். கனமான தொடக்கம், பிறகு ஏறக்குறையக் கிசுகிசுப்பு, மறுபடி கனம். சேர்ந்திசைக்குரிய பல்லவி என்று ஒன்று கிடையாது, ஆனாலும் நினைவில் நிற்கிறது. வரிகளில் டாரட் சீட்டின் தூக்கில் தொங்குபவன், பாம்பு, நைலின் கண் என்று படிமங்கள் குவிகின்றன. அழகாக இருக்கின்றன, ஆனால் ஒன்றை ஒன்று முன்னே தள்ளவில்லை. கட்டமைப்புக்கு 5க்கு 5. வரிகளுக்கு, செஸ்டர்டனைக் கழித்தால், 7க்கு மேல் போகாது.

‘பவர்ஸ்லேவ்’ எனக்கு முதலிடம். சாகப்போகும் எகிப்திய மன்னன் பேசுகிறான். நான் கடவுள் என்றால் ஏன் சாக வேண்டும் என்ற ஒரே கேள்வியை எடுத்து, கடைசி வரை விடாமல் இழுக்கிறது. அதிகாரம் முழுவதையும் கையில் வைத்திருந்தவன் சாவின் அதிகாரத்துக்கு அடிமை என்று முடியும்போது தலைப்பே திரும்பிக்கொள்கிறது. கிழக்கத்திய சாயலுள்ள ரிஃப் அதே கதையைத்தான் சொல்கிறது, மேலே ஒட்டிய அலங்காரம் இல்லை. நடுவில் வேகம் குறைந்து கிட்டார்கள் பேசிவிட்டு மறுபடி எகிறும் இடம், மன்னன் ஒரு கணம் சாவை ஒத்துக்கொண்டு மறுபடி அடம்பிடிப்பது மாதிரி. வரிகள் 9, மெட்டு 8, கட்டமைப்பு 5.

88தான் உச்சம் என்று வாதாடுபவர்களுக்கு நல்ல ஆயுதம் ‘மூன்சைல்ட்’. பிறக்கப்போகும் குழந்தையை மிரட்டும் குரலில், மாந்திரீக எழுத்தாளர் அலெய்ஸ்டர் க்ரௌலியின் சரக்கை எடுத்து, முழு ஆல்பத்துக்கும் வாசல் போட்டிருக்கிறார். ‘ஹிட்’ என்று நினைத்து ‘மேட்னஸ்’ஸைத் தூக்கிக்கொண்டு வந்தால் தோற்பார்கள். எதிர்க்கட்சிக்காரர் ‘ஐகரஸ்’ஸை எடுக்கலாம்: கிரேக்கப் பழங்கதையில் சூரியன் பக்கம் பறக்காதே என்று தகப்பன் எச்சரிக்கிறான், இந்தப் பாட்டில் பறக்கச் சொல்லி உசுப்பிவிட்டுக் கைவிடுகிறான். ஒரே ஒரு மாற்றத்தில் கதையைத் தன் கதை ஆக்கியிருக்கிறார். ‘சன் அண்ட் ஸ்டீல்’ ஜப்பானிய வாள்வீரர் மியாமோட்டோ முசாஷி பற்றி என்றாலும் மெட்டு சப்பை. ‘டை வித் யுவர் பூட்ஸ் ஆன்’ மேடைக்கு நல்லது, தாளில் சாதாரணம்.

வாக்கெடுப்பில் வரும் கோளாறு

ஐந்து அல்லது ஏழு பேர் இருங்கள். பேச்சு தொடங்கும் முன் எல்லோரும் மார்க்கை எழுதி வைத்துவிட வேண்டும், முதலில் பேசுபவர் பக்கம் மற்றவர்கள் சாய்வது அப்போதுதான் குறையும். பேச்சுக்குப் பிறகு மாற்றலாம், ஆனால் மாற்றினால் காரணம் சொல்ல வேண்டும்.

12 பாட்டையும் இரண்டிரண்டாக மோதவிட்டால் 66 மோதல் வரும், யாருக்கும் பொறுமை இருக்காது. மார்க்கை வைத்து முதல் ஐந்தை எடுத்து மோதவிட்டால் பத்தே மோதல். ஒரு மோதலுக்கு ஐந்து நிமிஷம், கை தூக்கி முடிவு.

சராசரி மார்க்கை மட்டும் பார்த்தால் யாருக்கும் முதலிடமாக இல்லாத, எல்லோருக்கும் மூன்றாமிடமான பாட்டு ஜெயித்துவிடும். இந்தப் பட்டியலில் அது வழக்கமாக ‘தி ஈவில் தட் மென் டூ’. சராசரிக்குப் பக்கத்திலேயே எத்தனை பேர் முதலிடம் கொடுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள், இரண்டும் வேறு வேறாக வந்தால் இரண்டையும் அப்படியே போடுங்கள். மோதலிலும் சமமாக நின்றால் தனியாக எழுதிய பாட்டுக்கு முன்னுரிமை. இரண்டுமே தனியாக எழுதியவை என்றால், அதாவது ‘ரெவலேஷன்ஸ்’ஸும் ‘பவர்ஸ்லேவ்’வும் என்றால், வரிகளுக்கு விழுந்த மார்க்கை மட்டும் கூட்டிப் பாருங்கள்.