காயலான் கடைப் பையிலிருந்து ஒரு விண்கலம்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு காயலான் கடை. உடைந்த மின்விசிறிக்கு அடியில் ஓர் அரிசிப் பை நிறைய லெகோ துண்டுகள், அதாவது ஒன்றோடொன்று பொருத்தி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள், கிடந்தன. கடைக்காரர் எடை போட்டுத்தான் தந்தார். வீட்டில் கொட்டிப் பார்த்தால் ஒரு கட்டையில் 'எல்எல்928' என்று அச்சு! 1979-இல் வந்த கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர் என்ற லெகோ பொம்மை விண்கலத்தின் அடையாளம் அது. மொத்தம் 338 துண்டுகள்.

முதலில் கழுவ வேண்டும். வெங்காய வலைப்பையில் போட்டு சோப்புத் தண்ணீரில் அலசினால் போதும். தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. அதனால் கத்திரி வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீரைக் குழாயிலிருந்து நேராகப் பிடிக்காதீர்கள். நான் வடாம் மாதிரி மொட்டை மாடியில் விரிக்கப் போனேன், பையன்தான் தடுத்தான். வெயில் பட்டால் வெள்ளையும் சாம்பலும் பழுப்பேறும். மின்விசிறிக்குக் கீழே துணி விரித்துக் காய வையுங்கள்.

அப்புறம் பிரிப்பது. இதில்தான் நான் இரண்டு நாள் வீணாக்கினேன். நிறம் நிறமாகப் பிரித்தேன்; பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நீலக் குவியலுக்குள் ஒரு சின்ன நீலத் தகட்டை (கட்டையை விட மெல்லிய துண்டு) தேடிப் பாருங்கள், கண்ணுக்கே தெரியாது. வடிவம் வடிவமாகப் பிரித்தால், கலர் கலரான தகடுகளுக்கு நடுவில் நீலம் தானாகக் கண்ணில் படும். பொடித் துண்டுகளுக்குப் பழைய இட்லித் தட்டுக் குழிகளை விட நல்ல இடம் இல்லை.

பிரிக்கும்போதே போலியை ஒதுக்கிவிடுங்கள். அசல் துண்டில் மேலே துருத்தி நிற்கும் ஒவ்வொரு குமிழின் தலையிலும் லெகோ என்ற எழுத்து இருக்கும். சாம்பல் நிறத்திலும் கவனம் வேண்டும். 2004 வாக்கில் அதை நீலம் கலந்த சாம்பலாக மாற்றிவிட்டார்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்தால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரியும்.

துண்டின் அடியில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். இரண்டுக்கு நாலு குமிழ் உள்ள தகடு என்றால் 3020. ரீபிரிக்கபிள் தளத்தில் உள்ள துண்டுப் பட்டியலோடு அதை ஒப்பிட்டு டிக் அடித்துக்கொண்டே வாருங்கள். வெளியே தெரியாத இடத்தில் எந்த நிறமும் போடலாம். 3020 இல்லையா, இரண்டுக்கு இரண்டு தகடான 3022-இல் இரண்டு வையுங்கள். மேலே வேறு தகடு குறுக்கே பிடித்தால் போதும். மூன்று தகடு உயரம் ஒரு கட்டை உயரம், இதை மறக்காதீர்கள்.

பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் ஒவ்வொரு படிக்கும் என்ன துண்டு வேண்டும் என்று தனியாகப் போட்டிருக்காது. முந்தைய படத்தையும் இந்தப் படத்தையும் வைத்துக் குமிழ் எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் ஒரு குமிழ் தள்ளி வைத்து, பின் கதவு மூடாமல் பாதியைக் கழற்றினேன்.

கலம் இப்போது டிவி மேல் நிற்கிறது. அதோடு வரும் நாலு விண்வெளி வீரர் பொம்மைகளில் ஒரு சிவப்பு ஆள் மட்டும் கிடைக்கவில்லை. கடைக்காரரிடம் கேட்டேன். "இன்னொரு பை உள்ள கிடக்குதும்மா, ஞாயித்துக்கிழமை வாங்க" என்றார்.