ஆங்கிலேய மன்னர் கட்சி அதிகாரி ஒருவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி?

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்ற ஓர் அதிகாரியின் வரலாற்றை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் போர்க்களத்திலிருந்து தொடங்குகிறார்கள். நாட்காட்டியிலிருந்து தொடங்குவதே நல்லது. அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. ஆகவே முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்ட நாளை நாம் 1649 ஜனவரி 30 என்று எழுத, அக்கால ஆங்கில ஆவணம் 1648 ஜனவரி 30 என்று சொல்லும். பாரிசில் அதே நாள் 1649 பிப்ரவரி 9. ஆங்கிலேயர் ஜூலியன் நாட்காட்டியை விடாமல் வைத்திருந்ததால் வந்த பத்து நாள் வேறுபாடு இது. போரில் தோற்று ஐரோப்பாவுக்குப் புலம்பெயர்ந்திருந்த மன்னர் கட்சியினரின் கடிதங்களை எந்தக் கணக்குப்படி எழுதப்பட்டவை என்று பார்க்காமல் அடுக்கினால், கேள்வி போவதற்கு முன்பே பதில் வந்து நிற்கும்.

அடுத்து, அவர் வகித்த ஒவ்வொரு பதவிக்கும் எதிரே, அதை வாங்கித் தந்தவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். மன்னரின் அரசுச் செயலராக உயர்ந்த எட்வர்ட் நிக்கலஸை எடுத்துக்கொள்வோம். 1593இல் வில்ட்ஷயரில் பிறந்த அவர், சூஷ் பிரபுவிடம் செயலராக இருந்து, பின்னர் மன்னரின் செல்வாக்குமிக்க நண்பரும் கடற்படைத் தலைவருமான பக்கிங்காம் கோமகனிடம் கடற்படை அலுவல்களைப் பார்த்தார். 1628இல் போர்ட்ஸ்மத்தில் பக்கிங்காம் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டபோது, அவரை நம்பியிருந்த பலருக்கும் பிழைப்பே கேள்விக்குறியாயிற்று. நிக்கலஸோ கடற்படை வேலையிலேயே தொடர்ந்தார்; கோப்புகள் தெரிந்த கை எந்த எசமானருக்கும் தேவைப்பட்டது என்பதே என் கணிப்பு.

கடிதங்களைப் படிக்கும்போது ஓரங்களையும் விடாதீர்கள். 1641இல் மன்னர் ஸ்காட்லாந்தில் இருந்தபோது லண்டன் செய்திகளை நிக்கலஸ் எழுதி அனுப்புவார். மன்னர் அதே தாளின் ஓரத்தில் தம் கைப்பட விடை எழுதித் திருப்பி அனுப்புவார். அவ்வாண்டு நவம்பரில் நிக்கலஸ் அரசுச் செயலரானதற்கு அந்த ஓரக்குறிப்புகளில் தெரியும் நம்பிக்கையைவிடச் சிறந்த விளக்கம் வேண்டியதில்லை. உறவுச் சொற்களில் மட்டும் எச்சரிக்கை தேவை: அக்கால ஆங்கிலக் கடிதத்தில் 'தந்தை' என்பது மாமனாராகவும், 'மகன்' என்பது மருமகனாகவும், 'சகோதரன்' என்பது மைத்துனனாகவும் இருக்கலாம். தமிழில் இவை வேறு வேறு சொற்களாதலால், திருமணப் பதிவைப் பார்த்து உறுதி செய்யாமல் மொழிபெயர்க்கக் கூடாது.

பணக் கணக்குக்கு, தோற்ற மன்னர் கட்சியினர் தம் சொத்தை மீட்க நாடாளுமன்றக் குழுவிடம் அளித்த மனுக்கள் லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நிலத்தின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு, சிலருக்கு அதைவிடவும் கூடுதலாக அபராதம் விதிக்கப்பட்டது. வருமானத்தைக் குறைத்துக் காட்டுவதே மனுதாரருக்கு ஆதாயம். எனவே அங்குள்ள தொகையை அவருடைய உண்மையான செல்வமாகக் கொள்ளாதீர்கள்.

புலம்பெயர் காலத்தை 'தளராத விசுவாசம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. கொல்லப்பட்ட மன்னரின் மனைவி, அரசி ஹென்ரியேட்டா மரியாவுக்கு நிக்கலஸைப் பிடிக்காது. புலம்பெயர்ந்திருந்த அவர்களின் மகன் இரண்டாம் சார்லஸின் ஆட்களுக்குள்ளேயே கட்சிகள் இருந்தன. அரசுச் செயலர் என்ற பழைய பதவி 1654இல்தான் நிக்கலஸுக்கு மீண்டும் கிடைத்தது.

1660இல் முடியாட்சி திரும்பிய பின் வந்த பதவி நீக்கத்தையும் இந்தக் கண்ணோடே பாருங்கள். 1662 அக்டோபரில் நிக்கலஸின் இடத்துக்கு ஹென்றி பென்னட் வந்தார். முதுமை காரணம் என்று எழுதுவது எளிது, அவருக்கு 69 வயதும் ஆகியிருந்தது. ஆனால் அவர் முதலமைச்சர் கிளாரெண்டன் பிரபுவின் நெடுநாள் தோழர். பென்னட்டோ கிளாரெண்டனுக்கு ஆகாதவர். 1667இல் கிளாரெண்டனும் வீழ்ந்தார். 1669இல் நிக்கலஸ் இறந்தபோது, அந்த நண்பர் பிரான்சில் இரண்டாம் முறையாகப் புலம்பெயர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தார்.