உளுத்துக்கொண்டிருந்த நாகா மரத்தட்டு

நாகாலாந்தின் கோஹிமாவில் வேலை பார்த்தபோது ஒரு வீட்டில் கேட்டு வாங்கிய பழைய தட்டு. காலும் தட்டும் ஒரே கட்டையில் குடைந்தது, உளிவெட்டுத் தடம் இன்னும் தெரியும். வாங்கிய ஆறாம் மாதம் அடியில் வெள்ளைத் தூள். குண்டூசித் தலை அளவுக்குத் துளைகள். உளுவண்டு!

முதலில் மண்ணெண்ணெய் தடவினேன். தப்பு. நாற்றம்தான் மிச்சம், தூள் நிற்கவில்லை. புகையேறிய கருப்பும் ஓரிடத்தில் கலைந்தது. அந்தக் கருப்பு அழுக்கல்ல. நாகா வீடுகளில் அடுப்புப் புகை படிந்தே இவை கருத்துப்போகும்; அந்தப் புகைதான் வண்டையும் அண்டவிடாது. அலமாரிக்கு வந்ததும் அந்தக் காவல் போய்விட்டது.

பிறகு வண்டைக் குளிரில் கொல்லச் செய்தது: மென்மையான பிரஷ்ஷால் தூளைத் தட்டி, பாலித்தீன் பையில் இரண்டு சுற்றாகக் கட்டி, காற்றைப் பிழிந்து, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தேன். (மீன் வைக்க இடமில்லை என்று வீட்டில் ஒரே சண்டை.) வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்கவில்லை, பிரித்தால் மரத்தில் நீர் கோத்து வெடிப்பு விடலாம். ஒரு நாள் கழித்தே பிரித்தேன்.

துளைகளைத் தேன்மெழுகில் விளக்குக்கரி குழைத்து அடைத்தேன். வார்னிஷ் பக்கம் போகவே இல்லை. மறுபடி தூள் விழுந்தால் தெரியட்டும் என்று தட்டுக்குக் கீழே கருப்புக் காகிதம் விரித்திருக்கிறேன். எட்டு மாதமாகத் தூள் விழவில்லை.